வெளியே புழுக்கம், மண்டபத்தில் குளிர்: தொண்டு விருந்துகளுக்கான சூட் பற்றிய கேள்வி பதில்

ஆதரவற்றோர் இல்லங்களுக்காகவும் தமிழ்ப்பள்ளிக் கட்டட நிதிக்காகவும் மருத்துவ உதவிக்காகவும் நடைபெறும் விருந்துகளுக்கு அளவெடுத்துச் சூட் தைத்துக்கொள்ள விரும்பும் அன்பர்கள் கேட்ட கேள்விகளுக்கு, கோலாலம்பூரில் கோட்டு வெட்டுவதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் பதில் எழுதியுள்ளேன். ஒரே பொருளைக் கேட்டவர்களின் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

செந்தூலிலிருந்து ஒரு கணக்காய்வாளர்: ஐயா, பகலில் 33 டிகிரி வெயில் அடிக்கும் ஊரில் கம்பளித் துணியில் சூட் தைப்பது அறிவுடைமையா? பருத்தியோ லினனோ போதாதா?

இந்த உடையோடு எவ்வளவு நேரம் வெளியில் இருக்கப்போகிறீர்கள் என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள். விருந்து இரவில்தான் நடக்கிறது. கார் நிறுத்துமிடத்திலிருந்து மண்டபம் வரை சிறிது தூரம் ஈரப்பதம் மிகுந்த காற்றில் நடப்பீர்கள். அதன் பிறகு மூன்று நான்கு மணி நேரம், பெண்கள் சால்வையைத் தேடும் அளவுக்குக் குளிரூட்டப்பட்ட மண்டபத்தில் அமர்ந்திருப்பீர்கள். ஆகவே நம் ஊர் சூட்டுக்கு வெயில் ஒன்றே எதிரியன்று. வியர்வையோடு குளிருக்குள் நுழைவதுதான் அதற்கு உண்மையான சோதனை.

அந்தச் சோதனையில் கம்பளிக்கு நிகர் வேறில்லை. கம்பளி இழை தன் எடையில் ஏறக்குறைய 30 விழுக்காடு வரை ஈரத்தை உள்வாங்கிய பிறகும் தொடுவதற்கு நனைந்ததாகத் தோன்றாது; உள்வாங்கியதை மெல்ல மெல்ல வெளியேவிடும். பாலியெஸ்டர் இழை 1 விழுக்காடுகூட உள்வாங்குவதில்லை என்பதால் வியர்வை உங்கள் சட்டையிலேயே தங்கி, மண்டபத்தில் நுழைந்ததும் முதுகைச் சில்லிட வைக்கும். பருத்தி ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஆனால் உலர வெகுநேரம் எடுத்துக்கொள்ளும். முழங்கையிலும் முழங்காலிலும் தொய்ந்தும் போகும். லினன் உடலுக்குக் குளிர்ச்சிதான் என்றாலும், காரில் அரைமணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் இடுப்புக்குக் கீழே முழுவதும் கசங்கிவிடும். பினாங்கில் கடலோர விடுதியின் புல்வெளியில் பகலில் நடக்கும் நிகழ்ச்சிக்கு அந்தக் கசங்கல் அழகு. இரவு விருந்தில் அது அசட்டையாகத் தெரியும்.

கம்பளியிலும் எல்லாம் பொருந்தாது. மீட்டருக்கு 230 முதல் 280 கிராம் வரை எடையுள்ள, நன்கு முறுக்கிய நூலில் வெற்று நெசவாக நெய்த துணியைக் கேளுங்கள். எடை குறையக் குறையக் குளிர்ச்சி கூடும் என்று பலரும் நினைக்கிறார்கள். 200 கிராமுக்கும் குறைந்த துணி நெருக்கமாக நெய்யப்பட்டிருந்தால், 270 கிராம் எடையுள்ள திறந்த நெசவுத் துணியைவிட அதிகமாகப் புழுங்கும். போதாக்குறைக்கு, தோளிலிருந்து விழ வேண்டிய முறையில் விழாமல் சுருங்கி நிற்கும். துணியை விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், வாயருகே வைத்து ஊதிப் பாருங்கள், கைக்குள் இறுக்கிக் கசக்கி விட்டுப் பாருங்கள். ஒளியும் மூச்சும் கடந்து, கசங்கலும் தானாக விரிந்தால் அதுவே உங்கள் துணி.

கிள்ளானிலிருந்து ஒரு வணிகர்: ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில் ஒரு துணிக்கடையில் 'சூப்பர் 150' வாங்கினால்தான் உயர்தரம் என்கிறார்கள். உண்மைதானா?

அந்த எண் இழையின் நுண்மையை மட்டுமே குறிக்கிறது. சூப்பர் 100 என்றால் இழையின் விட்டம் 18.75 மைக்ரானுக்கு மிகாமல் இருக்க வேண்டும். சூப்பர் 120 என்றால் 17.75; சூப்பர் 150 என்றால் 16.25. துணியின் எடை, நெசவு, முறுக்கு ஆகிய மூன்றைப் பற்றியும் அது எதுவும் சொல்வதில்லை, நமக்கோ அந்த மூன்றும்தான் முக்கியம். இழை நுண்மையாக ஆக, துணி பட்டுப்போல் மென்மையாகும். அதே அளவுக்கு எளிதில் கசங்கவும் இருக்கையில் உராய்ந்து தேயவும் செய்யும். ஆண்டுக்குச் சில முறை அணிந்து, ஒவ்வொரு முறையும் வியர்க்கப்போகும் சூட்டுக்குச் சூப்பர் 100 முதல் 120 வரை போதும். மிச்சமாகும் பணத்தைக் கோட்டின் உள்கட்டுக்கு, அதாவது உள்ளே விறைப்புத் தரும் அடுக்குக்கும் உள்துணிக்கும் செலவிடுங்கள்.

துணி முழுக் கம்பளிதானா என்ற ஐயம் இருந்தால், ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, கடைக்கு வெளியே கொளுத்திப் பாருங்கள். கம்பளி முடி கருகும் நாற்றத்தோடு எரிந்து, விரலில் நசுக்கினால் பொடியாகும் சாம்பலைத் தரும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். நேர்மையான கடைக்காரர் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்.

பெட்டாலிங் ஜெயாவிலிருந்து ஒருவர்: நல்ல கம்பளித் துணியில்தான் தைத்தேன், ஆனாலும் மேடையேறிக் காசோலை வழங்கி இறங்குவதற்குள் முதுகு நனைந்துவிட்டது. தவறு எங்கே?

தவறு பெரும்பாலும் உள்ளே இருக்கிறது. கோட்டின் முன்புறத்துக்கு விறைப்புத் தரும் அடுக்கைப் பசையால் ஒட்டியிருப்பார்கள். அதற்குமேல் முழுக் கோட்டுக்கும் பாலியெஸ்டர் உள்துணி கொடுத்திருப்பார்கள். நெகிழிப் பையைச் சுற்றிக்கொண்டு அதன்மேல் சன்னமான சால்வையைப் போர்த்துவதற்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை. பசை ஒட்டிய அடுக்கு காற்றைத் தடுப்பதோடு நின்றுவிடுவதில்லை. வியர்வையும் டிரை கிளீனிங்கும் மாறி மாறித் தாக்கச் சில ஆண்டுகளில் விடுபட்டு, மார்புப் பகுதியில் குமிழ் குமிழாகப் புடைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு அதைச் சரிசெய்ய வழியில்லை.

அதற்கு மாற்று, ஒட்டாமல் தையலால் பிணைக்கப்படும் கேன்வாஸ் என்ற விறைப்புத் துணி. முழுக் கேன்வாஸ் சிறந்தது. செலவு மிகுதி என்றால் மார்பும் லேப்பலும் (கழுத்துப்பட்டிக்குக் கீழே மார்பின்மேல் மடிந்து விழும் பகுதி) மட்டும் கேன்வாஸாக உள்ள அரைக் கேன்வாஸ் போதுமானது. உள்துணியை முன்பக்கத்துக்கும் கைகளுக்கும் மட்டும் வைத்து, முதுகில் தோள்பட்டைக்குக் கீழே விட்டுவிடச் சொல்லுங்கள். அந்த உள்துணியும் குப்ரோவாக இருக்கட்டும். பருத்தி விதையில் ஒட்டியிருக்கும் குறுநாரிலிருந்து செய்யப்படுவது அது. ஜப்பானின் அசாஹி காசெய் நிறுவனம் பெம்பெர்க் என்ற பெயரில் விற்கும் குப்ரோ இங்குள்ள தையற்கடைகளுக்கும் அறிமுகமானதுதான். தோளில் பஞ்சு வைப்பதைக் கூடுமானவரை குறைக்கச் சொல்லுங்கள்.

உள்துணி பாதிதான் என்றால் கூலியும் குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மறைந்திருக்க வேண்டிய தையல்கள் வெளியே தெரிவதால் ஒவ்வொன்றையும் ஓரம் கட்டி முடிக்க வேண்டியிருக்கிறது. ஆகையால் அதுவே கூடுதல் வேலை. இதைத் தானாகவே எடுத்துச் சொல்லும் தையல்காரரை நம்பலாம்.

ஜார்ஜ் டவுனிலிருந்து ஒரு மருத்துவர்: அழைப்பிதழில் 'பிளாக் டை' என்றிருக்கிறது. என்னிடமுள்ள கறுப்புச் சூட்டோடு கறுப்பு வில் டை கட்டினால் போதாதா?

'பிளாக் டை' என்பது இரவு விருந்துக்கான தனி முறைசார் உடையைக் குறிப்பதால், போதாது என்பதே முறையான பதில். ஆனால் நம் ஊர் விருந்துகளில் பலர் அப்படித்தான் வருகிறார்கள், யாரும் வாசலில் தடுப்பதில்லை. ஆண்டுக்கு ஒரு முறைதான் இத்தகைய அழைப்பு வருகிறது என்றால் அப்படியே சென்று வாருங்கள். அடிக்கடி வருகிறது என்றால் தனியாகத் தைத்துக்கொள்வது நல்லது. லேப்பல் கூர்முனையாகவோ வளைவாகவோ இருந்து பட்டு முகப்புப் பெற வேண்டும். பொத்தான்களுக்கும் அதே பட்டில் உறை வேண்டும். காற்சட்டையின் வெளித்தையல் நெடுகப் பட்டுப் பட்டை ஒன்று ஓட வேண்டும். இடுப்பில் வார் மாட்டும் வளையங்கள் கூடாது. கம்பளியோடு மொஹேர் கலந்த துணி இதற்கு மிகவும் ஏற்றது. அங்கோரா ஆட்டின் மயிரான மொஹேர் விறைப்பானது, கசங்காதது, காற்றை விடுவது. விளக்கொளியில் அடக்கமான மினுமினுப்பும் தரும்.

நிறத்தில் கறுப்பைவிட நள்ளிரவு நீலத்தையே பரிந்துரைப்பேன். செயற்கை ஒளியில் கறுப்பு சற்றுப் பச்சை படர்ந்தோ வெளிறியோ தோன்றக்கூடும். நள்ளிரவு நீலம் கறுப்பைக் காட்டிலும் ஆழமாகத் தெரியும். பின்னாளில் எட்டாம் எட்வர்ட் மன்னரான வேல்ஸ் இளவரசர் இதை நாகரிகமாக்கியதற்கும் அதுவே காரணம்.

வெப்ப நாடுகளில் தந்தநிறக் கோட்டும் மரபில் உண்டு. கறுப்புக் காற்சட்டையோடு அணிய வேண்டும். லேப்பலுக்குப் பட்டு வேண்டாம், கோட்டின் துணியே போதும். எனக்கு அது பிடித்தமானதுதான். ஆனால் பரிமாறுபவர்கள் வெள்ளைக் கோட்டு அணியும் விடுதியாக இருந்தால் யாராவது உங்களிடம் தண்ணீர் கேட்பார்கள், முன்கூட்டி விசாரித்துக்கொள்ளுங்கள்.

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்: சூட் எதற்கு? பாத்திக் சட்டையோ வேட்டியோ கட்டிக்கொண்டு போகக்கூடாதா?

தாராளமாகப் போகலாம், ஐயா. நீண்ட கைகொண்ட பாத்திக் சட்டை இந்நாட்டில் மாலை விருந்துக்கும் ஏற்கப்பட்ட உடை. 'லவுஞ்ச் சூட் (வழக்கமான சூட்) அல்லது பாத்திக்' என்றே பல அழைப்பிதழ்களில் அச்சிடுகிறார்கள். பட்டுச் சட்டையும் சரிகைக்கரை வேட்டியும் தேசிய உடை அனுமதிக்கப்படும் எந்த விருந்திலும் தலைநிமிர்ந்து நிற்கும். குளிர் தாங்காதவர்கள் வேட்டிக்கு மேலே மூடிய கழுத்துக் கோட்டு ஒன்றை, சூட்டுக்குச் சொன்ன அதே துணியில் தைத்துக்கொள்ளலாம். 'பிளாக் டை' என்று மட்டும் குறிப்பிட்டிருந்தால் ஏற்பாட்டாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

செராஸிலிருந்து ஒருவர்: மஞ்சள் டை கட்டலாமா?

அரச குடும்பத்தினர் வருகை தரும் விருந்தென்றால் கட்ட வேண்டாம். மஞ்சள் அரச நிறம். கோட்டுப் பையில் செருகும் கைக்குட்டைக்கும் அதுவே பொருந்தும். பினாங்கில் சுல்தான் இல்லை, ஆளுநர்தான் மாநிலத் தலைவர் என்பதால் அங்கு இந்தச் சிக்கல் குறைவு. ஆயினும் முதன்மை விருந்தினர் யார் என்பதை அழைப்பிதழில் பார்த்துக்கொள்வது நல்லது.

பாயான் லெப்பாஸிலிருந்து ஒரு பொறியாளர்: எங்கள் நிறுவனத்தின் தொண்டு விருந்தை நான் தொகுத்து வழங்க வேண்டும். புடவைக்குப் பதிலாகக் கோட்டும் காற்சட்டையும் தைத்துக்கொள்ள நினைக்கிறேன். ஆண்களுக்குத் தைப்பவரிடம் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், சகோதரி, ஆனால் அவர் பெண்களுக்கு வெட்டிய கோட்டு ஒன்றையாவது பார்த்துவிட்டுக் கொடுங்கள். ஆண்களின் கோட்டு மாதிரியைச் சிறிதாக்கித் தருபவர்கள் இருக்கிறார்கள். மார்புக்கு வேண்டிய வளைவைத் தோளிலிருந்தோ கையிணைப்பிலிருந்தோ இறங்கும் மடிப்புத் தையலால் கொண்டுவரத் தெரியாதவர் தைத்தால், பொத்தான் போட்டதும் லேப்பல் விரிந்து நிற்கும். துணியைப் பற்றி மேலே சொன்னதெல்லாம் உங்களுக்கும் பொருந்தும். ஒலிவாங்கியின் பெட்டியை இடுப்பில் மாட்டுவார்கள் என்பதால், அதன் எடையைத் தாங்கும் உறுதியான இடுப்புப் பட்டி காற்சட்டைக்கு இருக்கட்டும். மேடை விளக்கில் பளபளக்கும் துணியைத் தவிர்த்துவிடுங்கள்.

ராவாங்கிலிருந்து ஓர் இளைஞர்: வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. ஏழைகளுக்காக நடக்கும் விருந்துக்கு இவ்வளவு செலவில் சூட் தைப்பது முரணாகத் தெரிகிறது, அண்ணா.

அந்த உறுத்தல் நியாயமானது, தம்பி. ஒரே ஓர் இரவுக்காகத் தைக்காதீர்கள். வாடகைக்கு எடுத்தோ, தோள் சரியாகப் பொருந்தும் ஆயத்தச் சூட்டை வாங்கி இடுப்பையும் கைநீளத்தையும் திருத்தியோ அணிந்து சென்றால் யாரும் குறை காண மாட்டார்கள். மிச்சப் பணத்தை நன்கொடை உறையில் போடுங்கள். தோளை மட்டும் பின்னால் திருத்தலாம் என்று நம்பி வாங்கிவிட வேண்டாம். அது கோட்டையே பிரித்துக் கட்டும் வேலை.

தைப்பதாகவே முடிவு செய்தால் கருநீலத்தில், பளபளப்பில்லாமல், நேர்முகத்துக்கும் திருமணத்துக்கும் உதவும்படி தைத்துக்கொள்ளுங்கள். 150 சென்டிமீட்டர் அகலத் துணியில் ஒரு சூட்டுக்கு மூன்றேகால் முதல் மூன்றரை மீட்டர் பிடிக்கும். இன்னும் ஒன்றரை மீட்டர் சேர்த்து வாங்கி இரண்டாவது காற்சட்டையும் தைத்துவிட்டால் சூட்டின் ஆயுள் ஏறக்குறைய இரு மடங்காகும். கோட்டுக்கு முன்னால் தேய்ந்துபோவது எப்போதும் காற்சட்டைதான்.

பங்சாரிலிருந்து ஒருவர்: எத்தனை முறை அணிந்து பார்க்க வேண்டும்? எனக்கு இடுப்பளவு அடிக்கடி மாறுகிறது.

குறைந்தது இரண்டு முறை. முதல் முறை வெறும் நூலோட்டத்தில், அதாவது தற்காலிகத் தையலில் இருக்கும்போதே பார்த்தாக வேண்டும். விருந்துக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்னர் துணியைக் கொடுத்துவிடுங்கள். தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு ஆகியவற்றுக்கு முந்திய வாரங்களில் எந்தக் கடையும் நிதானமாகத் தைக்காது. விருந்தன்று அணியப்போகும் சட்டையையும் காலணியையும் போட்டுக்கொண்டு செல்லுங்கள்.

கண்ணாடியின் முன் விறைத்து நின்று பார்ப்பதால் பயன் குறைவு. நாற்காலியில் உட்காருங்கள், ஏலத்தில் விலை கேட்பவர்போல் ஒரு கையை உயர்த்துங்கள், எதிரே நிற்பவருக்குக் கைகொடுங்கள். கையை உயர்த்தும்போது கோட்டு முழுவதும் மேலேறினால் கையிணைப்பு மிகவும் கீழே வெட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். காற்று வேண்டும் என்பதற்காக அங்கே தாராளமாக வெட்டச் சொல்பவர்கள் உண்டு. உண்மையில் உயரமாக, அக்குளை ஒட்டி வெட்டிய கையிணைப்பில்தான் கை தடையின்றி அசையும். உங்கள் இடுப்புக்காக, கோட்டின் பக்கத்தையலிலும் காற்சட்டையின் பின்தையலிலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் துணியை உள்ளே விட்டுவைக்கச் சொல்லுங்கள். அதை வெட்டி எறிந்துவிட்டால் பிறகு சேர்க்க முடியாது.

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு குடும்பத்தலைவி: என் கணவரின் சூட் அலமாரியிலேயே பூஞ்சை பிடித்துவிடுகிறது. ஒவ்வொரு விருந்துக்குப் பிறகும் டிரை கிளீனிங் கொடுத்தால் சரியாகுமா?

வேண்டாம், அம்மா. அடிக்கடி டிரை கிளீனிங் கொடுத்தால் துணி உயிரிழந்துவிடும். கறையோ வாடையோ இருந்தாலொழிய ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை போதும். பூஞ்சைக்குக் காரணம் ஈரத்தோடு அலமாரிக்குள் வைப்பது. விருந்திலிருந்து வந்ததும் அகன்ற தோளுள்ள மரத்தாங்கியில் மாட்டி, ஓர் இரவும் மறுபகலும் மின்விசிறிக் காற்றில், நேர்வெயில் படாமல் தொங்கவிடுங்கள். பிறகு மென்மையான தூரிகையால் மேலிருந்து கீழாகத் துடையுங்கள். சலவைக் கடை தரும் நெகிழி உறையை அன்றே அகற்றிப் பருத்தி உறை போடுங்கள். அலமாரியில் ஈரம் உறிஞ்சும் பொதிகளை வைத்து, அவை நிறைந்ததும் மாற்றுங்கள். உடைகளை நெருக்கி மாட்ட வேண்டாம். பூஞ்சை ஏற்கெனவே பிடித்திருந்தால் வீட்டுக்குள் தட்டாதீர்கள், வித்துகள் மற்ற துணிகளுக்கும் பரவும்; வெளியில் கொண்டுபோய்த் துடைத்துவிட்டு நேராகச் சலவைக்குக் கொடுங்கள். சாத்தே குழம்பு சிந்தினால் மட்டும் ஆண்டுக் கணக்கெல்லாம் பார்க்காமல் மறுநாளே கொடுத்துவிடுங்கள். என்ன சிந்தியது என்பதையும் கடைக்காரரிடம் சொல்லுங்கள்.