சிபாரிசு இல்லாத பட்டதாரி எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: 2023-ல் பி.இ. மெக்கானிக்கல் முடித்தேன். கரூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். இணையதளங்களில் விண்ணப்பித்து அலுத்துவிட்டேன். நேர்காணலுக்குக்கூட அழைப்பு வருவதில்லை. "சொந்தமாக முயற்சி எடு, புதுமையாக யோசி" என்கிறார்கள். கையில் பணமும் இல்லை, சிபாரிசுக்கு ஆளும் இல்லை. நாளைக் காலையில் எழுந்து நான் என்னதான் செய்ய வேண்டும்?

பதில்: அழைப்பு வராததற்கு உங்கள் திறமைக் குறைவுதான் காரணம் என்று மருகாதீர்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் மட்டும் 400-க்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. உங்கள் விண்ணப்பத்தில் இருப்பதுதான் உங்கள் வகுப்புத் தோழர்களின் விண்ணப்பத்திலும் இருக்கிறது: அதே பாடங்கள், அதே ப்ராஜெக்ட், அதே "கடின உழைப்பாளி". படிக்கிறவருக்கு உங்களைத் தனியாகக் கூப்பிட ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணம் நீங்கள் செய்து காட்டிய ஒரு சிறு வேலையாக இருக்கட்டும்.

அதற்கு ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை. கரூர், பஸ் கூண்டு கட்டும் பட்டறைகளுக்கும் வீட்டு உபயோக ஜவுளி ஏற்றுமதிக்கும் பெயர் பெற்ற ஊர். மெக்கானிக்கல் படித்தவருக்கு முதலாவது நேரடியாகப் பொருந்தும். பெரிய நிறுவனத்தின் வாசலில் நிற்காமல், முதலாளியே பட்டறைக்குள் நடமாடும் நடுத்தர இடமாகப் பாருங்கள். காலையில் போகாதீர்கள், அது வேலை பிரித்துக் கொடுக்கும் நேரம். மாலைத் தேநீர் வேளையில் மேற்பார்வையாளரைப் பார்த்து, "வேலை கேட்டு வரவில்லை, ஒரு வாரம் நின்று பார்க்க அனுமதி வேண்டும்" என்று கேளுங்கள். சில இடங்களில் விரட்டுவார்கள். அடுத்த பட்டறைக்குப் போங்கள்.

உள்ளே போனதும் கண்ணில் படுவதையெல்லாம் திருத்தக் கிளம்பாமல், ஒரே ஒரு விரயத்தைத் தேடுங்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன். கூண்டின் சட்டத்துக்கான இரும்புச் சதுரக் குழாய் பெரும்பாலும் 6 மீட்டர் நீளத்தில் வரும். ஒரு கூண்டுக்கு 2.2 மீட்டரில் 40 துண்டுகளும் 1.5 மீட்டரில் 20 துண்டுகளும் தேவை என்று வையுங்கள். முதலில் பெரிய துண்டுகளை வெட்டினால் குழாய்க்கு இரண்டு வீதம் 20 குழாய்கள் ஆகும், ஒவ்வொன்றிலும் 1.6 மீட்டர் மிஞ்சும். சின்னத் துண்டுகளுக்கு அவசரத்தில் புதுக் குழாயை எடுத்தால் இன்னும் 5 குழாய்களாவது செலவாகும். மிச்சத்திலேயே 1.5 மீட்டரை வெட்டினால் அந்த ஐந்தும் மிச்சம். வெட்டும்போது பிளேடு தின்பதைக் கழித்தாலும் கணக்கு இடிக்காது. அனுபவமுள்ள மேஸ்திரி இதைக் கண்ணளவிலேயே செய்துவிடுவார்; அவர் விடுப்பு எடுக்கும் நாளில்தான் பழைய இரும்புக் குவியல் உயரும். துண்டு அளவுகளைப் போட்டால் வெட்டும் வரிசையைத் தரும் ஒரு எக்செல் தாளை நீங்கள் தயாரிக்கலாம். அதை மேஸ்திரியிடமே காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். அவரை ஓரங்கட்டிவிட்டு முதலாளியிடம் ஓடினால் அந்தப் பட்டறையில் உங்களுக்கு இடமிருக்காது, இருக்கவும் கூடாது.

இன்னொரு வழியும் உண்டு. பஸ்ஸுக்குள் அவசர வழி, நடைபாதை அகலம், இருக்கை இடைவெளி போன்றவற்றை வகுப்பது ஏஐஎஸ் 052 என்ற தர விதிமுறை. புணேயில் உள்ள இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கத்தின் இணையதளத்தில் அதை இலவசமாகப் பெறலாம். ஆங்கிலத்தில் நீளமாக இருக்கும் அதைப் படித்து, வெல்டரும் ஃபிட்டரும் சுவரில் ஒட்டிப் பார்க்கும்படி தமிழில் இரண்டு பக்கச் சரிபார்ப்புத் தாளாக்குங்கள். புதுமையாக யோசிப்பது என்று நான் நினைப்பது இதைத்தான். புதிய இயந்திரம் எதையும் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

வாரக் கடைசியில் முதலாளியிடம் ஒரு பக்கத் தாளோடு போங்கள். பார்த்தது, செய்தது, எவ்வளவு மிச்சம் என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும். "தொழிற்பழகுநராக (அப்ரண்டிஸ்) ஓராண்டு எடுத்துக்கொள்ளுங்கள்" என்று அப்போது கேளுங்கள். சிறு முதலாளிகள் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது: தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டத்தில் பட்டதாரிக்கு மாதம் 9,000 ரூபாய் என்று 2019 விதிகள் குறைந்தபட்ச உதவித்தொகையை நிர்ணயித்தன, அந்தக் குறைந்தபட்சத் தொகையில் பாதியை ஒன்றிய அரசு நிறுவனத்துக்குத் திருப்பித் தருகிறது. அதே விதிகளின்படி நான்கு பேர் வேலை செய்யும் இடமும் பழகுநரை எடுக்கலாம். முப்பது பேரோ அதற்கு மேலோ இருந்தால் எடுத்தே ஆக வேண்டும். இந்தத் திட்டத்தின் தென் மாநிலங்களுக்கான அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. பதிவு இணையத்திலேயே நடக்கும். அதை நீங்களே உட்கார்ந்து முடித்துத் தருவதாகச் சொல்லுங்கள். முதலாளியின் தயக்கத்தில் பாதி அந்தக் காகித வேலையைப் பற்றியதுதான்.

அப்பா அரசுத் தேர்வுக்குப் படிக்கச் சொன்னால் மறுக்க வேண்டாம். ஆனால் அதையே முழுநேரமாக வைத்துக்கொள்வதை நான் ஏற்கமாட்டேன். 2024 குரூப் 4 அறிவிப்பில் இருந்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். காலையில் இரண்டு மணி நேரம் படியுங்கள், பகலில் பட்டறையில் இருங்கள்.

சொந்தத் தொழிலுக்கு இப்போதே கடன் வாங்காதீர்கள். முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு 25 சதவீத மானியம் தரும் தமிழக அரசின் நீட்ஸ் திட்டம் பட்டதாரிகளுக்கும் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் கேட்கலாம். இரண்டு வாடிக்கையாளர்களாவது கையில் இருக்கும்போது போங்கள்.

இலவச உழைப்புக்கு எல்லை வையுங்கள். பார்க்கப் போகும் ஒரு வாரம் உங்களுடையது. எட்டாம் நாளிலிருந்து கூலி இல்லாமல் வேலை வாங்கினால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள். செய்த தாளை உங்களிடமும் ஒரு பிரதி வைத்துக்கொண்டால் அடுத்த பட்டறையில் அதையே காட்டலாம். ஆனால் அவர்களுடைய வாடிக்கையாளர் பெயரையும் விலையையும் அதிலிருந்து நீக்கிவிடுங்கள். "வேலை உறுதி, முன்பணம் கட்டுங்கள்" என்று எவர் கேட்டாலும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அசல் சான்றிதழ்களை எந்த நிறுவனத்திடமும் விட்டுவிட்டு வராதீர்கள். காட்டிவிட்டு அன்றே வாங்கிக்கொண்டு, நகலை மட்டும் கொடுங்கள்.