கில்ட் அணிந்து குடும்ப விருந்துக்குப் போகலாமா?

கேள்வி: ஸ்காட்லாந்துப் பெண்ணை மணந்திருக்கிறேன். அவளுடைய தாத்தாவின் தொண்ணூறாவது பிறந்தநாள் விருந்துக்கு நான், அந்த ஊர் ஆண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் கட்டம்போட்ட கம்பளி உடையான கில்ட்டை அணிந்து போனால், வீட்டுப் பெரியவர்கள் அதை வேடம் போடுவதாக நினைப்பார்களா?

பதில்: நினைக்க மாட்டார்கள், தாராளமாக அணியுங்கள். ஆனால் எல்லோரையும் வியக்க வைக்கலாம் என்று வாடகைக் கடையிலிருந்து ரகசியமாக எடுத்துவந்து, விருந்தன்று திடீரென்று போய் நிற்காதீர்கள். ஒரு மாதம் முன்பாகவே அந்தத் தாத்தாவிடம் போய், இதை எப்படிக் கட்டுவது என்று கற்றுத் தரும்படி கேளுங்கள். அப்படிக் கேட்காமல் பட்டபாட்டினால்தான் இதைச் சொல்கிறேன்.

நான் ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரில் பதினோரு ஆண்டுகளாக வசிக்கிறேன். வந்த மறு ஆண்டு என் மனைவியின் உறவுக்காரர் ஒருவரின் திருமணத்துக்கு ஆண்கள் அனைவரும் கில்ட் அணிவதாக ஏற்பாடாகியிருந்தது. நானும் ஒன்றை வாடகைக்கு எடுத்து, யாருடைய உதவியும் வேண்டாம் என்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கட்டினேன். அம்மாவின் சேலைக் கொசுவத்தை முன்பக்கம் பார்த்தே வளர்ந்த கண் அல்லவா? கில்ட்டின் கொசுவத்தையும் முன்னால் வைத்து, தட்டையாக இருக்க வேண்டிய முன்பகுதியைப் பின்னால் தள்ளி, வார்களை எப்படியோ இழுத்து மாட்டிக்கொண்டு தேவாலய வாசலில் போய் நின்றேன். நிழற்படமும் எடுத்துவிட்டார்கள்.

யாரும் எதுவும் சொல்லவில்லை. மனைவியின் தாத்தா மட்டும் கைத்தடியை ஊன்றியபடி வந்து, என் முழங்கையைத் தொட்டு, பக்கத்து அறைக்கு அழைத்துச் சென்றார். "நீ முன்னால் போகிறாய், லூன், உன் கில்ட் பின்னால் போகிறது" என்று சொல்லிவிட்டு, அதை அவிழ்த்துத் திருப்பிக் கட்டிவிட்டார். லூன் என்பது ஸ்காட்லாந்தின் வடகிழக்குப் பேச்சில் பையனைக் குறிக்கும் சொல். அன்றுவரை அவரும் நானும் நலம் விசாரித்துக்கொள்வதோடு சரி. அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் அவர் வீட்டுக்குப் போகத் தொடங்கினேன்.

அவருடைய கில்ட் எட்டுக் கஜக் கம்பளித் துணியால் ஆனது. கையில் எடுத்தால் நனைந்த போர்வையைப் போலக் கனக்கும். கட்டங்கள் குலையாமல் தொடரும்படி மடித்துத் தைப்பது ஒரு முறை என்றும், ஒவ்வொரு மடிப்பின் மேலும் ஒரே கோடு வந்து நிற்கும்படி தைப்பது படைப்பிரிவுகளின் முறை என்றும் அவர்தான் விரலால் தடவிக் காட்டினார். முன்பகுதியின் வலதுபுறக் கீழ் மூலையில் செருகும் ஊசியை மேல் அடுக்கில் மட்டுமே குத்த வேண்டும். இரண்டு அடுக்கையும் சேர்த்துக் குத்தினால் துணி இயல்பாக விழாது, நாளடைவில் கிழியவும் செய்யும். காலுறையில் செருகும் ஸ்கீயன் டூ என்ற சிறு கத்தி, வலக்கைக்காரருக்கு வலது காலில் இருக்க வேண்டும். உள்ளே என்ன அணிவது என்று உங்களையும் எல்லோரும் கேட்பார்கள். வாடகை உடை என்றால் உள்ளாடை கட்டாயம், அதற்கு மேல் விவாதம் தேவையில்லை.

நீளம் பார்ப்பதற்கு மண்டியிட வேண்டும். நிமிர்ந்து மண்டியிட்ட நிலையில் கில்ட்டின் ஓரம் தரையைத் தொட்டும் தொடாமலும் இருந்தால், எழுந்து நிற்கும்போது அது முழங்காலின் நடுவில் வந்து முடியும். அவர் நாற்காலியில் அமர்ந்திருக்க நான் அவர் முன்னால் மண்டியிட்டிருந்த அந்த நேரத்தில் காணொளி அழைப்பில் வந்த என் அம்மா, நான் ஆசீர்வாதம் வாங்குவதாக நினைத்து மிகவும் மகிழ்ந்துபோனார். நானும் திருத்தவில்லை.

இன்னொரு செய்தியும் அந்தச் சனிக்கிழமைகளில்தான் தெரிய வந்தது. கட்டாய இராணுவப் பணிக் காலத்தில் அவர் கார்டன் ஹைலேண்டர்ஸ் என்ற ஸ்காட்லாந்துப் படைப்பிரிவில் சேர்க்கப்பட்டு மலாயாவுக்குப் போயிருக்கிறார். அந்தப் பிரிவின் முதல் பட்டாளம் 1951 முதல் 1954 வரை அங்கே இருந்தது. ரப்பர் தோட்டங்களில் வேட்டி கட்டிய தமிழர்களை முதன்முதலாகப் பார்த்தபோது, இங்கிலாந்துக்காரச் சிப்பாய்கள் சிரித்தார்களாம். கில்ட் பிரிவைச் சேர்ந்த இவர்களால் மட்டும் சிரிக்க முடியவில்லையாம். கோவில் திருவிழா மேளத்தைப் பற்றி அவர் சொன்னபோது, மேசையில் இரு கைகளாலும் தட்டிக் காட்டினார். தாளம் சரியாக இல்லை என்றாலும், எந்த வாத்தியம் என்பது எனக்குப் புரிந்தது. என் மனைவிக்கே தெரியாத கதை அது. மலாயாவைப் பற்றி அவரிடம் யாரும் கேட்டதில்லை. நானும் கில்ட்டைப் பற்றித்தான் கேட்டிருந்தேன்.

நமக்கு இதை அணிய உரிமை உண்டா என்ற தயக்கம் உங்கள் கேள்விக்குள் இருப்பதாகத் தோன்றுகிறது. எந்த டார்ட்டனை, அதாவது கில்ட் துணியின் எந்தக் கட்ட வடிவத்தை, யார் அணியலாம் என்று சட்டம் எதுவும் இல்லை. மலைநாட்டுக் கிளர்ச்சிக்காரர்கள் தோற்ற கலோடன் போருக்குப் பிறகு 1746-இல் வந்த சட்டம் ஸ்காட்லாந்து மலைநாட்டு ஆண்களின் இந்த உடையையே தடை செய்தது. 1782-இல்தான் அது நீக்கப்பட்டது. அதன்பின் 1822-இல், ஜெர்மானிய வம்சத்தில் வந்த நான்காம் ஜார்ஜ் மன்னரே எடின்பரோவுக்கு வந்து கில்ட் அணிந்தார்; அந்த விழாவை ஏற்பாடு செய்தவர் எழுத்தாளர் வால்டர் ஸ்காட். குலத்துக்கொரு டார்ட்டன் என்ற வரிசை பெரும்பாலும் அதை ஒட்டிய காலத்தில் நிலைபெற்றதுதான். மன்னர் தம் கில்ட்டுக்குள் இளஞ்சிவப்பு இறுக்கக் காற்சட்டை போட்டுக்கொண்டதைச் சொல்லி இன்றும் சிரிக்கிறார்கள். ஆகவே உங்கள் தவறு எதுவானாலும் அதைவிடப் பெரிதாக இருக்காது. உங்கள் மனைவியின் குடும்பத்துக்கென்று ஒரு டார்ட்டன் இருந்தால், அதை அணியலாமா என்று தாத்தாவிடமே கேளுங்கள். அப்படிக் கேட்பது அவருக்குப் பிடிக்கும்.

எங்கள் தாத்தாவுக்கு இப்போது தொண்ணூற்றிரண்டு வயது. உடல் மெலிந்துவிட்டதால் அவருடைய கில்ட்டின் வார்களை உள்ளே நகர்த்தித் தைத்தோம். கில்ட்டோடு அணியும் காலணிக்கு நாக்கு கிடையாது. நீளமான கயிற்றை முறுக்கிக் கணுக்காலுக்கு மேலே சுற்றிக் கட்ட வேண்டும். குனிய முடியாத அவருக்கு அதை இப்போது நான்தான் கட்டிவிடுகிறேன். கடந்த ஜனவரி 25 அன்று, கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் பிறந்தநாளைக் கொண்டாடும் பர்ன்ஸ் இரவு விருந்துக்குக் கிளம்பும் முன், இடது காலில் முடிச்சுத் தளர்வாக இருக்கிறது என்று மூன்று முறை அவிழ்த்துக் கட்டச் சொன்னார். மூன்றாவது முறைதான் புரிந்தது, பாட்டியை நடனத்துக்கு முதன்முதலில் அழைத்த கதையை அவர் இன்னும் சொல்லி முடிக்கவில்லை என்பது.

நான் கில்ட்டை முன்பின்னாகக் கட்டியிருந்த அந்தத் திருமணப் படம் அவர்கள் வீட்டு நடையில் சட்டமிட்டுத் தொங்குகிறது. மாற்றிவிடும்படி பலமுறை கேட்டுவிட்டேன், பாட்டி சம்மதிக்கவில்லை.