கூகுள் ஃபார்முக்கு 60 பேர்தான் பதில் போட்டார்கள், அடுத்து என்ன செய்வது?

கேள்வி: எங்கள் பல்கலைக்கழகத்தில் வளாகப் பாதுகாப்பு பற்றி எல்லாரிடமும் கருத்துக் கேட்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். கூகுள் ஃபார்ம் அனுப்பினோம். 4,000 பேரில் 60 பேர்தான் பதில் போட்டார்கள். அதிலும் பாதிக்கு மேல் ‘நன்றாக இருக்கிறது’ என்பதுதான். என்ன செய்யலாம்?
– உதவிப் பேராசிரியை, திருச்சி பக்கம்

பதில்: அந்த ஃபார்மில் ரோல் நம்பரும் மெயில் ஐடியும் கேட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். கேட்டிருந்தால், இன்டர்னல் மார்க் போடுகிறவர் படித்துவிடுவாரோ என்ற பயத்திலேயே பிள்ளைகள் வாய் திறக்க மாட்டார்கள். 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் நடந்த பாலியல் வன்கொடுமையை நினைத்துப் பாருங்கள். புகார் கொடுத்த மாணவியின் விவரங்களோடு முதல் தகவல் அறிக்கையே வெளியே கசிந்தது. அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். ஆனால் வெளியே போன பெயரை யாரால் திரும்ப வாங்க முடியும்? உங்கள் மாணவிகளும் இதையெல்லாம் பார்த்தவர்கள்தான். அதனால் பெயர் கேட்காதீர்கள். சின்ன வகுப்பாக இருந்தால் துறை, வருடம்கூட வேண்டாம்; ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

அடுத்து, இரவில் நடந்து பாருங்கள். கனடாவின் டொராண்டோவில் 1989 வாக்கில் உருவான முறை இது. டெல்லியிலும் பெண்கள் அமைப்புகள் செய்திருக்கின்றன. ஏழெட்டுப் பேர் சேர்ந்து, லைப்ரரி மூடும் நேரத்துக்கு அங்கிருந்து விடுதி வரை நடக்க வேண்டும். வெளிச்சம் எப்படி, கூப்பிட்டால் யாருக்காவது கேட்குமா, திரும்பி ஓட வழி உண்டா என்று இடத்துக்கு இடம் நின்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு கல்லூரியில் நான் இப்படி நடந்தபோது, விளக்குகள் எல்லாம் எரிகின்றன என்று அலுவலகத்தில் பதிவேட்டைக் காட்டினார்கள். எரிந்தது உண்மைதான். ஆனால் வேப்பமரக் கிளை ஒரு விளக்கை மொத்தமாக மூடியிருந்தது, அதன் அடியில் கும்மிருட்டு. அதைக் காட்டிக்கொடுத்தவர் விடியற்காலை 5 மணிக்கு வேலைக்கு வரும் துப்புரவுப் பணியாளர் அக்கா. அந்த இடம் வந்தாலே செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவாராம். அவரிடம் அதுவரை யாருமே கேட்டதில்லை. ஒப்பந்தத் தொழிலாளர்கள், மெஸ் சமையல்காரர்கள், இரவுக் காவலர்கள், மாற்றுத்திறனாளி மாணவர்கள், திருநர் மாணவர்கள் எல்லாரையும் தேடிப் போய்க் கேளுங்கள். ஃபார்ம் அவர்களிடம் போய்ச் சேராது.

இப்படிக் கேட்கும்போது யாராவது தனக்கு நடந்த கொடுமையைச் சொல்லிவிடலாம். அதைக் கருத்துகளோடு சேர்த்து எக்ஸெலில் ஏற்றிவிடாதீர்கள். பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க வளாகத்திலேயே இருக்கும், ‘விசாகா கமிட்டி’ என்று நாம் சொல்லும் உள்ளகப் புகார் குழுவிடம் எழுத்தில் புகார் தரலாம், பொதுவாகச் சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் தர வேண்டும் என்று சொல்லுங்கள். கொடுப்பதா வேண்டாமா என்பது அவர் முடிவு. மாணவர் சம்பந்தப்பட்ட விஷயமென்றால், தேர்தலில் தேர்ந்தெடுக்கப்பட்ட 3 மாணவர்கள் அந்தக் குழுவில் இருக்க வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2015 விதி. உங்கள் வளாகத்தில் அவர்கள் யாரென்று மாணவர்களுக்குத் தெரியுமா என்பதையே ஒரு கேள்வியாகக் கேட்டுவிடுங்கள்.

ஒன்று மட்டும் தயவுசெய்து நடக்க விடாதீர்கள். இருட்டாக இருக்கிறது என்று மாணவிகள் சொன்னால், விடுதிக் கதவை ஒரு மணி நேரம் முன்னதாகப் பூட்டிவிடுவார்கள். அப்படி ஒருமுறை நடந்துவிட்டால் அடுத்த தடவை ஒருத்தியும் பேச மாட்டாள். அறிக்கை எழுதி முடிக்கும்வரை காத்திருக்காமல், முதல் இரண்டு வாரத்திலேயே ஏதாவது ஒன்றைச் சரிசெய்யுங்கள். கிளை வெட்டுவதாக இருந்தாலும் சரி. எது முடிந்தது, எது முடியவில்லை, ஏன் முடியவில்லை என்று மெஸ் வாசலில் எழுதி ஒட்டுங்கள்.

நடைக்கு அமாவாசையை ஒட்டி நாள் பாருங்கள். பௌர்ணமி வெளிச்சத்தில் எரியாத விளக்கு கண்ணில் படாது.