வாசகர் கேள்வி – பதில்: முன்னாள் படைவீரர் வீட்டுக்கு

கேள்வி: என் கணவர் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர், வயது 71. ராணுவத்தில் ஓய்வின்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கில் என் பெயரை ஆங்கிலத்தில் ‘எக்ஸ்’ எழுத்துப் போட்டு லக்ஷ்மி என்று எழுதியிருக்கிறார்கள். ஆதாரில் கே, எஸ், எச் வருகிறது. பிறந்த தேதி எழுதும் இடம் காலி. இத்தனை வருஷம் பென்ஷன் ஒழுங்காகத்தானே வருகிறது, இனிமேல் மாற்றித்தான் ஆக வேண்டுமா?
– வாசகி, கணியம்பாடி

பதில்: கட்டாயம் மாற்றுங்கள் அம்மா. அதுவும் ஐயா தெம்பாக இருக்கும்போதே மாற்றுங்கள். பென்ஷன் அவர் பெயரில் வரும்வரை உங்கள் பெயரில் உள்ள எழுத்தை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. குடும்ப ஓய்வூதியத்துக்கு எழுதும் நாளில்தான் ஆதார் ஒன்று சொல்லும், ராணுவப் பதிவு இன்னொன்று சொல்லும். அன்றைக்கு “இது என் மனைவிதான்” என்று கையெழுத்துப் போட அவர் இருக்க மாட்டார். இன்று ஒரு விண்ணப்பத்தோடு முடிகிற வேலை, அன்று மாதக்கணக்கில் இழுக்கும்.

பிறந்த தேதி காலியாக இருப்பது எழுத்துப் பிழையைவிடப் பெரிய குறை. கணக்கைப் பாருங்கள். கம்யூடேஷன் (பென்ஷனில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொள்வது) பிடித்தம் கழிக்காத அடிப்படைப் பென்ஷன் 24,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பென்ஷன் கடைசிச் சம்பளத்தில் பாதி, சாதாரண குடும்ப ஓய்வூதியம் அதே சம்பளத்தில் 30 சதவீதம். அப்படியானால் உங்களுக்கு வருவது சுமார் 14,400 ரூபாயும் அதற்குரிய அகவிலைப்படியும். கணவர் ஓய்வுக்குப் பின் இறந்தால் 7 ஆண்டு அல்லது அவருக்கு 67 வயது ஆகியிருக்கும் நாள், இதில் எது முந்தியதோ அதுவரை கூடுதல் விகிதம் உண்டு. உங்கள் கணவர் 67-ஐத் தாண்டிவிட்டதால் அது உங்களுக்குப் பொருந்தாது. உங்களுக்கு 80 வயது நிறைந்தால் 20 சதவீதம், 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50, 100-ல் முழுதாக இன்னொரு மடங்கு என்று கூடிக்கொண்டே போகும். 80 ஆனதும் மேற்சொன்ன கணக்கில் மாதம் 2,880 ரூபாய் கூடுதல். பிறந்த தேதி பதிவிலேயே இல்லை என்றால் உங்களுக்கு 80 ஆனதை அவர்கள் எப்படி அறிவார்கள்?

எந்தப் பக்கத்தைத் திருத்துவது என்பதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். பக்கத்து இ-சேவை மையத்தில் ஆதாரை மாற்றிவிடலாம் என்று கிளம்பாதீர்கள். ஆதாரில் பெயரை ஆயுளில் இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரே முறை. அதை மாற்றினால் பான், வங்கி, ரேஷன் கார்டு எல்லாம் பின்னாலேயே மாற வேண்டும். நான்கு ஆவணங்களில் ஒரே மாதிரி இருந்து ராணுவப் பதிவு மட்டும் வேறாக இருந்தால், ராணுவப் பதிவைத் திருத்துவதே சரி.

விண்ணப்பம் போக வேண்டிய இடம் அவருடைய ரெக்கார்டு ஆபீஸ், அதாவது அவர் பணியாற்றிய படைப்பிரிவின் ஆவண அலுவலகம். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, சிக்னல்ஸ் ஜபல்பூர், இ.எம்.இ. செகந்திராபாத், ஆர்ட்டிலரி நாசிக் ரோடு. கணவர் கையெழுத்திட்ட விண்ணப்பத்தில் சர்வீஸ் நம்பர், ரேங்க், பெயர் மூன்றும் டிஸ்சார்ஜ் புக்கில் உள்ளபடியே இருக்கட்டும். டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. (பென்ஷன் ஆணை) நகல்கள், இருவரின் ஆதார், பான், உங்கள் பிறப்புச் சான்று அல்லது பள்ளிச் சான்று, ஜாயிண்ட் போட்டோ, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற நோட்டரி அஃபிடவிட் எல்லாம் சேருங்கள். அஃபிடவிட்டில் இரண்டு எழுத்து வடிவமும் முழுதாக இருக்க வேண்டும். பலர் ஆதார் பெயரை மட்டும் எழுதிவிட்டு, அதனாலேயே திருப்பி வாங்குகிறார்கள்.

சோல்ஜர் போர்டு என்று நாம் சொல்லும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அனுப்புங்கள். அவர்கள் சரிபார்த்து அனுப்பினால் குறை சொல்லித் திருப்பி அனுப்புவது குறையும். திருத்த ஆணை கிடைத்ததும் ராணுவ ஓய்வூதிய இணையதளமான ஸ்பர்ஷில் அவர் கணக்கைத் திறந்து குடும்ப விவரத்தில் புதிய பெயரும் தேதியும் ஏறியிருக்கிறதா பாருங்கள். தாள் கைக்கு வந்துவிட்டதே என்று விட்டுவிடக் கூடாது.

கேள்வி: என் மாமனாருக்கு 78 வயது. உயிர்ச்சான்று கொடுக்கப் போனால் விரல் ரேகை விழவே மாட்டேன் என்கிறது. மூன்று முறை அலைந்துவிட்டார்.
– மருமகள், சிவகங்கை

பதில்: வயதானால் ரேகை தேய்வது இயல்பு. மாமாவை வீட்டிலேயே உட்கார வைத்து முகப்பதிவு மூலம் கொடுக்கலாம். உங்கள் ஆண்ட்ராய்டு போனில் ஜீவன் பிரமாண் செயலியும் ஆதார் ஃபேஸ் ஆர்.டி. செயலியும் இருக்க வேண்டும். முதலில் உங்கள் ஆதாரையும் முகத்தையும் கொடுத்து ‘ஆபரேட்டராக’ நீங்கள் பதிய வேண்டும். பிறகு மாமாவின் ஆதார், மொபைல் எண், பி.பி.ஓ. எண், வங்கிக் கணக்கு எண்.

பெரும்பாலான குழப்பம் அடுத்த திரையில்தான். பென்ஷன் வழங்கும் அலுவலகம் என்ற இடத்தில் பழக்கத்தில் வங்கிப் பெயரைத் தேர்ந்தெடுத்துவிட்டால், சான்று வங்கிக்குப் போய்விடும், ஸ்பர்ஷுக்குப் போகாது. ராணுவ ஓய்வூதியர் என்றால் அனுமதிக்கும் அலுவலகத்துக்கு ‘டிஃபென்ஸ் – பி.சி.டி.ஏ. (பி) அலகாபாத்’, வழங்கும் அலுவலகத்துக்கு ‘ஸ்பர்ஷ் – பி.சி.டி.ஏ. (பென்ஷன்ஸ்) அலகாபாத்’ என்றே எடுங்கள். பி.பி.ஓ. எண்ணும் ஸ்பர்ஷ் கொடுத்த புதிய எண்ணாக இருக்கட்டும், பழைய தாளில் உள்ள எண் வேண்டாம்.

படம் எடுக்கும்போது ஜன்னல் வெளிச்சம் அவர் முகத்தில் விழ வேண்டும், முதுகுப் பக்கம் அல்ல. கண்ணாடியைக் கழற்றச் சொல்லுங்கள். வட்டத்துக்குள் முகம் வந்ததும் நிதானமாகக் கண்ணை மூடித் திறந்தால் போதும். காது மந்தமானவர் என்றால் திரையில் வரும் சொல்லை அவர் கேட்க மாட்டார், எதிரே நின்று நீங்கள் கண் சிமிட்டிக் காட்டுங்கள். பிரமாண் எண் குறுஞ்செய்தியில் வந்தால் அனுப்பியாயிற்று. ஆனால் ஸ்பர்ஷ் பக்கத்தில் அடுத்த கெடு தேதி மாறிய பிறகுதான் ஏற்றுக்கொண்டார்கள் என்று அர்த்தம். 80 நிறைந்தவர்கள் நவம்பருக்குக் காத்திருக்காமல் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம்.

கேள்வி: ராத்திரி நெஞ்சு வலி வந்தால் இ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) பட்டியலில் இல்லாத பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போகலாமா?
– வாசகர், தக்கலை

பதில்: தாராளமாகப் போங்கள். உயிர் முக்கியம், பட்டியல் பிறகு. சேர்த்த 48 மணி நேரத்துக்குள் உங்கள் இ.சி.எச்.எஸ். மருத்துவமனையான பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும். இந்த வேலை பெரும்பாலும் மனைவி தலையில்தான் விழும், ஆகவே பாலிகிளினிக் தொலைபேசி எண்ணும் கார்டு எண்ணும் அவர் கைப்பையிலும் இருக்கட்டும். மனைவிக்கு ஒன்று என்றால் அவருடைய தனிக் கார்டுதான் செல்லும், உங்கள் கார்டு செல்லாது.

பணத்தை முதலில் நீங்கள் கட்டிவிட்டுப் பிறகு திரும்பப் பெற வேண்டும். திரும்ப வருவது அரசு விகிதப்படிதான், பில் முழுதும் வராது. டிஸ்சார்ஜ் ஆகும்போதே எமர்ஜென்சி சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, ஒவ்வொரு மருந்தும் சோதனையும் தனித்தனியாக எழுதிய பில், பணம் கட்டிய ரசீது நான்கையும் கேட்டு வாங்குங்கள். ‘மருந்து – 18,000’ என்று ஒற்றை வரியில் எழுதிய பில்லை ஏற்க மாட்டார்கள். எமர்ஜென்சி சான்று வாங்கத்தான் பலர் மறக்கிறார்கள், ஒரு வாரம் கழித்துப் போனால் டியூட்டி டாக்டரைப் பிடிப்பதே பாடு.

கேள்வி: 2011-ல் ஓய்வு பெற்றேன். கம்யூடேஷன் பிடித்தம் எப்போது நிற்கும்? அதற்குள் எனக்கு ஏதாவது ஆனால் மிச்சத்தை மனைவி கட்ட வேண்டுமா?
– வாசகர், திருப்பத்தூர்

பதில்: பிடித்தம் தொடங்கிய தேதியிலிருந்து 15 ஆண்டு முடிந்ததும் முழுப் பென்ஷன் திரும்ப வரும். அந்த மாதத்துப் பென்ஷன் சிலிப்பில் பிடித்தக் கட்டம் காலியானதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் ஸ்பர்ஷில் குறை பதியுங்கள். மனைவி எதையும் கட்ட வேண்டியதில்லை. குடும்ப ஓய்வூதியத்தில் கம்யூடேஷன் பிடித்தம் கிடையாது.