பக்கத்து வீட்டு ஆஸ்பிரின் அம்மாவுக்கு வேண்டாம்

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அம்மாவுக்கு 66 வயது, பிபியும் சுகரும் பல வருடமாக இருக்கிறது, மாரடைப்பு வந்ததில்லை. காலமெல்லாம் பீடி சுற்றியவர். ஸ்டென்ட் (இதய ரத்தக்குழாய் அடைபடாமல் இருக்க வைக்கும் சின்னக் குழல்) வைத்துக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரர், "ரத்தம் உறையாம இருக்கும், அம்மாவுக்கும் இப்பவே ஆரம்பிச்சுடுப்பா" என்று தன்னிடமிருந்த ஆஸ்பிரினில் ஒரு அட்டையைக் கொடுத்துவிட்டாராம். கொடுக்கலாமா, வைட்டமின் ஈ வேண்டுமா, எவ்வளவு நடக்கணும் என்பதெல்லாம் கேள்வி.

கொடுக்காதீர்கள். ஸ்டென்ட் வைத்தவருக்கு அந்த மாத்திரை அவசியம், இதைப் படித்துவிட்டு அவர் நிறுத்திவிடக் கூடாது. அம்மாவுக்கு இதய நோய் இதுவரை வரவில்லை, அதனால் அவருடைய கணக்கே வேறு.

ஆஸ்பிரின் மேல் எல்லோருக்கும் இவ்வளவு நம்பிக்கை வரக் காரணம் 1989-ல் முடிவு வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு. 22,071 மருத்துவர்கள் கலந்துகொண்டார்கள், மாரடைப்பு 44 சதவீதம் குறைந்தது, நல்ல சேதிதான், ஆனால் அந்த 22,071 பேரில் ஒரு பெண் கூட இல்லை. பெண்களை மட்டும் வைத்து, 45 வயது தாண்டிய கிட்டத்தட்ட 40,000 பேரைப் பத்து வருடம் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு 2005-ல்தான் வந்தது. மொத்தத்தில் மாரடைப்பு குறையவில்லை, பக்கவாதம் கொஞ்சம் குறைந்தது. 65 தாண்டியவர்களுக்கு இதயத்துக்கும் ஓரளவு பலன் தெரிந்தது, ஆனால் வயிற்றில் ரத்தக்கசிவு கூடியது. அப்புறம் 2018-ல், பெரும்பாலும் 70 தாண்டிய 19,000 பேரிடம் பார்த்தபோது (பாதிக்கு மேல் பெண்கள்) இதயத்துக்குப் பலனே இல்லை, பெரிய ரத்தக்கசிவு மட்டும் 38 சதவீதம் அதிகம்.

"அம்மாவுக்குச் சுகர் இருக்கே, அவருக்காவது உதவாதா?" என்று கேட்பீர்கள். சுகர்காரர்கள் 15,480 பேரை வைத்து பிரிட்டனில் அதையும் பார்த்துவிட்டார்கள். ஏழு வருடத்துக்கு மேல் ஆஸ்பிரின் சாப்பிட்டதில் ஆயிரத்துக்குச் சுமார் 11 பேர் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றிலிருந்து தப்பினார்கள், சுமார் 9 பேருக்குப் பெரிய ரத்தக்கசிவு வந்தது. ஒரு கையில் வாங்கி மறு கையில் கொடுப்பது போலத்தான். இதை எடைபோட்டு முடிவெடுக்க வேண்டியது அவரைப் பார்க்கிற மருத்துவர், பக்கத்து வீட்டுக்காரர் இல்லை. 60 தாண்டியவர்களுக்கு, இதய நோய் வருமுன் தடுப்பதற்கென்று புதிதாக ஆரம்பிக்க வேண்டாம் என்று அமெரிக்க வழிகாட்டுதலே 2022-ல் மாறிவிட்டது. வைட்டமின் ஈ மாத்திரையையும் அதே பெண்கள் ஆய்வில் சோதித்தார்கள், மாரடைப்பு குறையவில்லை. காசு மிச்சம்.

சரி, எதுதான் காப்பாற்றும்? அம்மாவிடம் ஏற்கெனவே இருக்கிற பிபி மாத்திரைதான். இன்றைக்கே அவர் மாத்திரை வைக்கிற டப்பாவைத் திறந்து பாருங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் மாதா மாதம் வீட்டுக்கே வந்து கொடுத்த அட்டைகள், போன மாதத்தது பாதி, அதற்கு முந்தினது முக்கால் என்று அப்படியே கிடக்கும். கேட்டால், "பிபி நார்மல்னு சொல்லிட்டாங்க, அதான் நிறுத்திட்டேன்" என்பார். நார்மல் ஆனதே மாத்திரையால்தான், நிறுத்தினால் சத்தமில்லாமல் மறுபடி ஏறும். இந்த வாக்கியத்தை நான் கேட்காத வாரம் இல்லை, அதுவும் பெண்களிடம். வீட்டுக்காரர் மாத்திரையைத் தவறாமல் எடுத்துக் கொடுப்பார்கள், தன்னுடையதை மறந்துவிடுவார்கள்.

இன்னொன்று, அவருக்கு ஸ்டேட்டின் (கொழுப்பைக் குறைக்கிற மாத்திரை) தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இந்த வயதில் சுகர் இருந்தால் கொழுப்பு ரிப்போர்ட் நார்மலாக இருந்தாலும் பெரும்பாலும் தருவார்கள். 1,74,000 பேர் கலந்துகொண்ட பல ஆய்வுகளைச் சேர்த்து 2015-ல் அலசியதில், பெண்களுக்கும் ஆண்களைப் போலவே பலன் கிடைப்பது உறுதியானது.

இது நம் ஊர்ப் பிரச்சினை இல்லை என்று நினைக்காதீர்கள். கணியம்பாடி ஒன்றியத்துக் கிராமங்களிலும் வேலூர் நகரத்திலும் சிஎம்சி மருத்துவர்கள் 1990-களில் ஒரு தடவை கணக்கெடுத்து, இருபது வருடம் போல விட்டு மறுபடி எடுத்தபோது, சுகர் கிராமத்திலும் மடமடவென்று ஏறியிருந்தது.

நடை விஷயத்தில் நல்ல செய்தி. பத்தாயிரம் அடி என்று செல்போன் மிரட்டுவதை விடுங்கள். சராசரி 72 வயதுள்ள 16,741 பெண்களிடம் அளந்த ஆய்வு 2019-ல் வந்தது. தினம் 2,700 அடி நடந்தவர்களை விட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு 41 சதவீதம் குறைவு, 7,500-க்கு மேல் கூடுதல் லாபம் தெரியவில்லை. (தெம்பாக இருப்பவர்கள்தான் நடக்கவே கிளம்புவார்கள் என்பதையும் கழித்துக்கொள்ளுங்கள்.) வருடக்கணக்கில் மடியில் முறம் வைத்துக் குனிந்தே உட்கார்ந்த முட்டியும் இடுப்பும் முதல் நாளே ஒத்துழைக்காது, பத்து நிமிடத்தில் ஆரம்பிக்கட்டும். நம்ம ஊர் வெயிலுக்குக் காலை ஆறரைக்குள் முடித்துவிட வேண்டும்.

வெற்றிலையோடு புகையிலை போடுவாரா என்று நீங்கள் எழுதவில்லை. போட்டால், மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதை நிறுத்த வேண்டும். பீடி, சிகரெட் மட்டுமில்லை, மெல்லுகிற புகையிலையும் மாரடைப்பைக் கூட்டும். ஊறுகாய், கருவாடு, அப்பளம் மூன்றும் ஒரே சாப்பாட்டில் வேண்டாம். பொட்டாசியம் கலந்த உப்பைக் கடையில் பார்த்து வாங்கிவிடாதீர்கள், சுகர்காரர்களுக்குக் கிட்னி எப்படி இருக்கிறது என்று தெரியாமல் அது ஆபத்து.

கடைசியாக ஒன்று. சுகர் உள்ள வயதான பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் வரும் என்றில்லை. மூச்சு வாங்கும், குமட்டும், தாடையோ முதுகோ வலிக்கும், காரணமில்லாமல் வேர்த்துக் கொட்டும், "கேஸ்தான், சோடா குடிச்சா சரியாயிடும்" என்று அவரே சொல்வார். கேட்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரிக்கோ வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கோ விடிந்ததும் போகலாம் என்று ராத்திரியைத் தள்ளாமல், முதல் ஈசிஜியை உள்ளூர் அரசு மருத்துவமனையிலேயே எடுத்துவிடுங்கள்.