எதற்கு உள்ளே வந்தேன்? (வாசகர் கேள்வி பதில்)

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மறதியைப் பற்றியே இருந்தன. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: எனக்கு வயது 63. ஓர் அறைக்குள் போனதும் எதற்கு வந்தோம் என்பதே மறந்துபோகிறது. நன்றாகப் பழகியவர்களின் பெயர்கூட சட்டென்று வரமாட்டேன் என்கிறது. அல்சைமர் ஆரம்பித்துவிட்டதா?

பதில்: எனக்கும் அப்படித்தான், இத்தனைக்கும் உங்களைவிட இரண்டு வயது சின்னவன். வராத பெயர், குளிக்கும்போதோ தூங்கப் போகும்போதோ தானாக வந்து நிற்கிறதா? அப்படியென்றால் நினைவு உள்ளேதான் இருக்கிறது, எடுத்துவரத்தான் நேரமாகிறது. முழங்காலுக்கு வயதாவது மாதிரி இதற்கும் ஆகிறது. கவலைப்பட வேண்டிய மறதி வேறு மாதிரி இருக்கும். பத்து நிமிடத்துக்கு முன்னால் கேட்ட கேள்வியை, கேட்டோம் என்ற நினைவே இல்லாமல் மறுபடி கேட்பது, வருடக்கணக்காக நடந்த வழியில் திசை தெரியாமல் நின்றுவிடுவது, மாதாமாதம் போட்ட வீட்டுக் கணக்கு திடீரென்று பிடிபடாமல் போவது. இதில் ஏதாவது ஒன்று இருந்தால், அல்லது இது எதுவும் இல்லாமலே மறதி மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே போனால், டாக்டரைப் பாருங்கள். போகும்போது வீட்டில் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நாம் எதை மறந்தோம் என்பது நமக்குத் தெரியாது, கூட இருப்பவருக்குத்தான் தெரியும்.

கேள்வி: என் கணவருக்கு 70 வயது. சொன்னதையெல்லாம் மறந்துவிடுகிறார் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். எனக்கென்னவோ அவருக்குக் காது கேட்கவில்லை என்றுதான் தோன்றுகிறது. காது மிஷின் வைத்துக்கொள்ளச் சொன்னால் "கிழவனாக்கப் பார்க்கிறாயா?" என்று சண்டைக்கு வருகிறார்.

பதில்: உங்கள் கணக்கு சரியாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. காதில் விழாத பேச்சு நினைவில் எப்படித் தங்கும்? பாதிச் சொல் கேட்டு மீதியை ஊகித்துக்கொண்டே இருந்தால், நினைவில் பதிக்கச் செலவாக வேண்டிய கவனமெல்லாம் அந்த ஊகத்திலேயே தீர்ந்துவிடும். அப்புறம் நாலு பேர் பேசும் இடத்துக்குப் போகவே மனம் வராது, ஆள் ஒதுங்க ஆரம்பிப்பார். அந்த ஒதுக்கம் மூளைக்கு இன்னொரு அடி.

லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு 2024-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. டிமென்ஷியா என்கிற மறதி நோய்க்கு வழி வகுப்பவற்றில் நம்மால் மாற்றக்கூடியவை 14 என்று அதில் பட்டியல் போட்டார்கள். உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, மது, மனச்சோர்வு, தலையில் அடி, தனிமை, காற்று மாசு என்று நீளும் அந்தப் பட்டியலில், கவனிக்காமல் விட்ட காது மந்தமும் கெட்ட கொழுப்பும்தான் பெரிய பங்கு வகிப்பவை. 14-ஐயும் சரிசெய்ய முடிந்தால் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்பது அவர்கள் கணிப்பு. இது மொத்த மக்கள்தொகைக்குச் சொன்ன கணக்கு. 'காது மிஷின் மாட்டினால் எனக்கு இத்தனை சதவீதம் லாபம்' என்று தனி ஆளுக்குப் பிரித்துப் பார்க்க முடியாது. 2023-இல் வெளியான ஓர் ஆய்வில் காது மந்தமான, 70 முதல் 84 வயது வரையிலான 977 பேரை மூன்று வருடம் கவனித்தார்கள். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் கருவி பொருத்தியதால் நினைவாற்றலில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் மறதி நோய் வரும் ஆபத்து ஏற்கெனவே அதிகமாக இருந்தவர்களை மட்டும் தனியாகப் பார்த்தபோது, மூளைத் திறன் குறையும் வேகம் பாதியளவுக்கு மட்டுப்பட்டிருந்தது.

உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். முதலில் காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், சில சமயம் கதை அதோடு முடிந்துவிடும். அடுத்து, அவரிடம் 'மறதி' என்ற சொல்லையே எடுக்காதீர்கள். கருவி வாங்கினால் முதல் சில நாள் தட்டு வைக்கும் சத்தம்கூட இடி மாதிரி கேட்கும். அங்கேதான் பலர் கழற்றி மேஜை டிராயரில் போட்டுவிடுகிறார்கள். அமைதியான அறையில் தினம் ஓரிரு மணி நேரம் என்று ஆரம்பித்து, மெதுவாகக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். நீங்களும் ஒன்று செய்யலாம், பக்கத்து அறையிலிருந்து கத்தாமல் எதிரே வந்து முகம் பார்த்துப் பேசுங்கள்.

கேள்வி: 76 வயது அம்மா இரண்டு நாளாக இல்லாத ஆட்களோடு பேசுகிறார். பகலில் தூங்கி வழிகிறார், என்னையே யார் என்று கேட்கிறார். போன வாரம்வரை நன்றாக இருந்தவர். வயதானால் அப்படித்தான், மறதி நோய் வந்துவிட்டது என்கிறார்கள் உறவினர்கள்.

பதில்: இது அச்சாகி வரும்வரை காத்திருக்கக் கூடாது என்று கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குப் போன் செய்துவிட்டேன். இங்கே எழுதுவது மற்ற வீடுகளுக்காக. அல்சைமர் இரண்டு நாளில் வராது, மாதங்களும் வருடங்களும் எடுத்துக்கொண்டு மெல்ல வரும். திடீர்க் குழப்பம் என்றால் உடம்பில் வேறு ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். சிறுநீர்த் தொற்று (வயதானவர்களுக்குக் காய்ச்சல், எரிச்சல் எதுவும் தெரியாமலே வரும்), நீர்ச்சத்துக் குறைவு, ரத்தத்தில் சோடியம் இறங்குவது, நுரையீரலில் சளி, புதிதாகச் சேர்த்த மாத்திரை என்று எதுவாகவும் இருக்கலாம். தூக்க மாத்திரை, சாதாரண ஜலதோஷத்துக்கு எடுக்கும் சில மாத்திரைகள், சிறுநீர் அடக்க முடியாததற்குக் கொடுக்கும் சில மாத்திரைகள்கூட முதியவர்களைக் குழப்பிவிடும். எப்போதோ கீழே விழுந்து தலையில் லேசாக இடித்திருந்தால், மண்டை ஓட்டுக்குள் ரத்தம் மெதுவாகக் கசிந்து வாரங்கள் கழித்தும் இப்படி ஆகலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வீட்டில் இருக்கும் அத்தனை மாத்திரையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், கீழே விழுந்ததைக் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

மெதுவாக வரும் மறதியிலும் சரிசெய்யக்கூடியவை உண்டு. பி12 குறைபாடு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு இவையெல்லாம் மறதி நோய் மாதிரியே வேஷம் போடும். சாதாரண ரத்தப் பரிசோதனையும் பொறுமையாகக் கேட்கும் டாக்டரும் இருந்தாலே பாதி தெரிந்துவிடும். "வயசாயிடுச்சு, அவ்வளவுதான்" என்று வீட்டிலேயே முடிவு கட்டுவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும்.

கேள்வி: வயது 52. பிரஷர் 150 இருக்கிறது, ஆனால் ஒரு தொந்தரவும் இல்லை. மாத்திரை கட்டாயமா?

பதில்: தொந்தரவு இல்லாததுதான் தொந்தரவே. உடல் எடையில் 2 சதவீதம்தான் மூளை, ஆனால் உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஏறத்தாழ 20 சதவீதம் அதற்குப் போகிறது. அவ்வளவையும் கொண்டுபோய்ச் சேர்க்கும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் வருடக்கணக்கில் அடி வாங்குகின்றன, நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. 50 வயதைத் தாண்டிய 9,000-க்கும் மேற்பட்டவர்களிடம் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடத்தி 2019-இல் முடிவைச் சொன்னார்கள். மேல் அளவை 140-க்குள் வைத்தவர்களைவிட 120-க்குள் வைத்தவர்களுக்கு லேசான நினைவுக் குறைபாடு 19 சதவீதம் குறைவாக வந்தது. முழு டிமென்ஷியா குறைந்ததா என்பது அந்த ஆய்வில் உறுதியாகவில்லை. அதற்காக நீங்களாகவே 120-க்கு இறக்கக் கிளம்பாதீர்கள், தலைசுற்றி விழுந்தால் அது வேறு வம்பு. எவ்வளவு என்பதை டாக்டர் சொல்லட்டும். ஆனால் 70 வயதில் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் விடாதீர்கள். நடு வயதுப் பிரஷர்தான் பின்னால் வந்து கணக்குத் தீர்க்கிறது.

கேள்வி: தினமும் சுடோகு போடுகிறேன். மூளை கூர்மையாகுமா?

பதில்: சுடோகுவில் கூர்மையாகும். கிண்டல் இல்லை. 65 வயதைத் தாண்டிய 2,800-க்கும் மேற்பட்டவர்களுக்கு நினைவு, தர்க்கம், வேகம் என்று தனித்தனியாகப் பயிற்சி கொடுத்துப் பார்த்தபோது, எதில் பயிற்சி எடுத்தார்களோ அதில்தான் முன்னேறினார்கள். ஒன்றில் எடுத்த பயிற்சி மற்றதற்கு அவ்வளவாகப் பரவவில்லை. பிடித்திருந்தால் தாராளமாகப் போடுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் தெரியாத ஒன்றைக் கற்றுக்கொள்வேன், அதுவும் நாலு பேரோடு சேர்ந்து. புது மொழி, வாத்தியம், எதுவானாலும் சரி. ஆரம்பத்தில் தப்புத் தப்பாக வந்து கூச்சமாக இருக்கும், அது இருக்கட்டும்.

கேள்வி: ஞாபகசக்தி மாத்திரைகள்?

பதில்: பர்ஸுக்கு மட்டும் நினைவில் நிற்கும். ஞாபகசக்திக்கென்று விற்கும் ஜிங்கோ மரத்தின் இலைச் சாற்றை 3,000-க்கும் அதிகமான முதியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2008-இல் வந்தது, டிமென்ஷியாவைத் தடுக்கவில்லை. பி12 குறைவு என்று பரிசோதனையில் தெரிந்தவர்கள் பி12 எடுப்பது வேறு விஷயம், அதை விட்டுவிடக் கூடாது.

கேள்வி: நடந்தால் போதுமா? எவ்வளவு நடக்க வேண்டும்?

பதில்: 2011-இல் வந்த ஆய்வு ஒன்று எனக்குப் பிடித்தமானது. 120 முதியவர்களில் பாதிப்பேர் வாரம் மூன்று நாள், ஒரு தடவைக்கு 40 நிமிடம் என்று ஒரு வருடம் நடந்தார்கள். மீதிப்பேர் கை காலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தார்கள். நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி, வயதானால் சுருங்கவேண்டிய அது, நடந்தவர்களுக்கு 2 சதவீதம் பெருத்திருந்தது. மற்றவர்களுக்குச் சுருங்கியிருந்தது. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் என்கிறது, 65 வயதைத் தாண்டியவர்கள் விழாமல் இருக்க உடல் சமநிலைப் பயிற்சியும் செய்ய வேண்டும். வேகம் எவ்வளவு என்று கேட்பீர்கள். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பேசிப் பார்க்க ஆள் வேண்டுமே, யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.