கோப்பையின் அடி ஏன் வளைகிறது? – வாசகர் கேள்வி பதில்

பள்ளி மாணவிகளுக்கு ஓவியத்தின் அடிப்படைகளைச் சொல்லித் தருவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, 28 ஆண்டுகள் பெண்கள் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்தவர் இங்கே பதில் சொல்கிறார்.

கேள்வி: என் மகளுக்குப் பதினொரு வயது. போன வருடம் வரை கையில் கிடைத்த தாளிலெல்லாம் வரைந்து தள்ளுவாள். இப்போது "எனக்கு வரைய வராதும்மா" என்று சொல்லி நோட்டை ஒளித்து வைக்கிறாள். வற்புறுத்தி வரைய வைக்கலாமா, விட்டுவிடலாமா?

இரண்டும் வேண்டாம் அம்மா. உங்கள் மகளின் கண் வளர்ந்துவிட்டது, கை இன்னும் பழைய இடத்திலேயே நிற்கிறது. அவள் படும் வேதனை அதுதான்.

எட்டு, ஒன்பது வயது வரை குழந்தைகள் தங்களுக்குத் தெரிந்ததை வரைவார்கள். மேசைக்கு நான்கு கால் என்று தெரியும், நான்கையும் போட்டுவிடுவார்கள். பத்து வயதைத் தாண்டும்போது 'நான் பார்ப்பது இப்படி இல்லையே' என்று அவர்களுக்கே உறுத்தத் தொடங்கும். அந்த நேரத்தில் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லித் தந்தால் மேலே போவார்கள். யாரும் இல்லையென்றால் பென்சிலைக் கீழே வைத்துவிடுவார்கள். "நான் சின்ன வயதில் நன்றாக வரைவேன்" என்று சொல்லும் பெரியவர்களிடம் எப்போது விட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இந்த வயதைத்தான் சொல்வார்கள்.

ஒரு கோப்பையை மேசையில் வைத்து அவளை வரையச் சொல்லுங்கள். வாயை நீள்வட்டமாக வளைத்துப் போடுவாள். அடியை மட்டும் ஸ்கேல் வைத்தது போல நேராக இழுத்துவிடுவாள். கோப்பை தட்டையான மேசையில் நிற்கிறது, அதனால் அதன் அடியும் நேர்க்கோடு என்று அறிவு சொல்கிறது. திருத்தாதீர்கள். கோப்பையை எடுத்து அவள் கண் மட்டத்துக்கு நேராகப் பிடியுங்கள். வாய் ஒரே கோடாகத் தெரியும். மெல்ல இறக்குங்கள். அந்தக் கோடு திறந்து மெலிந்த நீள்வட்டமாகும். இறக்க இறக்க அகலும். அவள் நேராகக் குனிந்து பார்க்கும் இடத்துக்கு வந்ததும் முழு வட்டமாகிவிடும். சரி, இப்போது கேளுங்கள்: கோப்பையின் அடி, வாயைவிடக் கீழேதானே இருக்கிறது? அப்படியானால் இரண்டில் எது அதிகம் வளையும்?

என் வகுப்பில் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. என் கையிலிருந்து கோப்பையை வாங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தானே ஏழெட்டுத் தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தாள். அப்புறம் போய் உட்கார்ந்து, தான் போட்டிருந்த நேர்க்கோட்டுக்குக் கீழே இன்னொரு கோட்டை வளைத்துப் போட்டாள். பழைய கோடும் அப்படியே இருந்தது. ஆனாலும் கோப்பை அந்தத் தாளில் உட்கார்ந்துவிட்டது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வை இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. "நல்லா இருக்கு" என்ற சொல் அவளுக்குத் தேவைப்படவே இல்லை.

உங்கள் மகளுக்கு இப்படி ஒரு கோப்பை போதும். நோட்டு தானாக வெளியே வரும்.

கேள்வி: பெண்கள் பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஓவிய ஆசிரியை நான். நாற்பது மாணவிகள், வாரம் ஒரு வகுப்பு, 45 நிமிடம். கோடு, வடிவம், ஒளி நிழல், வண்ணம் எல்லாம் சொல்லித் தர வேண்டும். எதில் தொடங்குவது?

கோட்டில் தொடங்குங்கள். முதல் மாதம் முழுக்கக் கோடுதான். வண்ணப் பெட்டி பைக்குள்ளேயே இருக்கட்டும்.

முதல் நாள் எல்லோரையும் எழுதாத கையை மேசைமேல் வைக்கச் சொல்லுங்கள். பார்வை அந்தக் கையின் ஓரத்தில் எறும்பு ஊர்வது போல நகர வேண்டும். பென்சிலும் அதே வேகத்தில் தாளில் நகர வேண்டும். தாளைப் பார்க்கக் கூடாது. ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் கட்டைவிரல் எங்கோ போயிருக்கும், நகம் உள்ளங்கையில் முளைத்திருக்கும். வகுப்பே சிரிக்கும், சிரிக்கட்டும். சிரிப்பு அடங்கியதும், அந்தக் கோணல் படத்தில் விரல் மடிப்பில் இருக்கும் சுருக்கங்களைக் காட்டுங்கள். அவை உண்மையான சுருக்கங்களாக இருக்கும். தாளைப் பார்த்து ஒழுங்காக வரைந்த கையில் அவை இருக்கவே இருக்காது.

அடுத்தது ரப்பர். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். பெண் பிள்ளைகள் மிகச் சிறிய வயதிலிருந்தே "நீட்டா செய்திருக்கிறாள்" என்ற பாராட்டைக் கேட்டு வளர்கிறார்கள். அது ஓவிய வகுப்பில் அவர்களுக்கு விலங்காகிவிடுகிறது. ஒரு கோடு போட்டு, அழித்து, மறுபடி போட்டு, மறுபடி அழித்து, மணி அடிக்கும்போது தாளில் ஒரு ஓட்டையும் கொஞ்சம் ரப்பர்த் தூளும்தான் மிஞ்சும். எனக்கு இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் இது உறைத்தது. அதற்கப்புறம் வகுப்புக்குள் நுழையும்போதே ரப்பர்களை ஒரு டப்பாவில் வாங்கி வைத்துவிடுவேன். முதல் வாரம் ஒருத்தி அழுதேவிட்டாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மெலிதாகப் போடு, தப்பென்றால் பக்கத்திலேயே இன்னொன்று போடு, முதல் கோடு எவ்வளவு விலகியது என்று தெரிந்தால்தானே இரண்டாவதை எங்கே போடுவதென்று தெரியும் என்று சொன்னேன். மூன்றாவது வாரம் யாரும் ரப்பர் கேட்கவில்லை.

ரப்பரை அப்புறம் திருப்பிக் கொடுங்கள், வேறு வேலைக்கு. தாள் முழுக்கக் கரியைத் தேய்த்துச் சாம்பல் நிறமாக்கச் சொல்லி, வெளிச்சம் விழும் இடங்களை ரப்பரால் எடுக்கச் சொல்லுங்கள். அப்போது அதுவும் ஒரு தூரிகை.

வடிவத்துக்கு நாற்காலி. மேசைமேல் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். நாற்காலியை வரைய வேண்டாம், கால்களுக்கு நடுவே தெரியும் இடைவெளிகளை மட்டும் வரையுங்கள் என்று சொல்லுங்கள். நாற்காலி எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், இடைவெளி எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் பார்த்தே தீர வேண்டும்.

ஒளி நிழலுக்கு என் அனுபவத்தில் முட்டையை மிஞ்சிய பொருள் இல்லை. வெள்ளை முட்டை, வெள்ளைத் தாள்மேல், ஒரே ஒரு ஜன்னல் வெளிச்சம். மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள். முட்டையில் மிகக் கறுப்பான இடம் எது என்று கேட்டால் எல்லோரும் நிழல் பக்கத்து ஓரத்தைக் காட்டுவார்கள். கண்ணைப் பாதி மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். கறுப்பு ஓரத்தில் இல்லை, கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு பட்டையாக இருக்கிறது. ஓரத்தில் மெல்லிய வெளிச்சம். அந்த வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? அடியில் இருக்கும் வெள்ளைத் தாளிலிருந்து எதிரொளிக்கிறது. தாளை எடுத்துவிட்டுக் கறுப்புத் துணியை வையுங்கள், அந்த வெளிச்சம் அணைந்துவிடும். திரும்பத் தாளை வையுங்கள், வந்துவிடும். இதைக் கண்ணால் பார்த்த பிள்ளை, அப்புறம் எந்த உருண்டையையும் ஓரம் முழுக்கக் கறுப்படித்து வைக்க மாட்டாள்.

நாற்பது பேர் என்று மலைக்காதீர்கள். பத்துப் பத்துப் பேராக நான்கு வட்டம், நடுவில் ஒரு பொருள். ஒவ்வொருத்திக்கும் அது வேறு கோணத்தில் தெரியும். பக்கத்தில் இருப்பவளைப் பார்த்துப் போட்டால் உடனே தப்பாகிவிடும்.

இன்னொன்று: அவர்கள் தாளில் உங்கள் பென்சில் படக் கூடாது. நான் பள்ளியில் படித்தபோது என் படத்தின் மேலேயே ஒரு ஆசிரியர் அழுத்தமாகத் திருத்தி வரைந்தார். படம் நன்றாகத்தான் ஆனது, ஆனால் அது என்னுடையதாக இல்லை. வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. காட்டித்தான் ஆக வேண்டுமென்றால் தனித் தாளில் வரைந்து காட்டுங்கள்.

கேள்வி: சித்திரமும் கைப்பழக்கம் என்கிறார்கள். செல்போனில் ஒரு படத்தை வைத்து, அதையே தினமும் பார்த்து வரைய வைத்தால் பழகிவிடாதா?

கை பழகும். ஆனால் கைக்கு முன்னால் கண் பழக வேண்டும். ஒரு பொருளைத் தாளில் தட்டையாக்குவதுதான் வரைபவருக்குக் கடினமான வேலை. போட்டோவில் அந்த வேலையைக் கேமரா முடித்துவிட்டது. எது முன்னால், எது பின்னால், எதை விட வேண்டும், எல்லாம் முடிவாகிவிட்டது. மாணவிக்கு மிஞ்சுவது கோட்டைப் பெயர்த்து வைப்பது மட்டும். ஆறு மாதம் நிஜப் பொருளைப் பார்த்து வரையட்டும், அப்புறம் போட்டோ வைத்து வரைந்தாலும் கெடுதல் இல்லை.

கேள்வி: எந்தப் பென்சில் வாங்குவது?

2பி ஒன்று, 6பி ஒன்று. ஹெச் எழுத்துக்கு முன்னால் உள்ள எண் ஏற ஏறக் கடினமாகவும் வெளிறியும் இருக்கும், பிக்கு முன்னால் உள்ள எண் ஏற ஏற மிருதுவாகவும் கறுப்பாகவும் இருக்கும். பன்னிரண்டு பென்சில் உள்ள பெட்டி ஆரம்பத்தில் தேவையே இல்லை.

கேள்வி: என் மகள் சிவப்பையும் நீலத்தையும் கலந்தால் ஊதா வரும் என்று படித்துவிட்டுக் கலந்தாள். சேறு மாதிரி ஒரு பழுப்பு வந்தது. வண்ணம் மட்டமா?

வண்ணத்தில் குறையில்லை. எந்தச் சிவப்பு என்று பார்க்க வேண்டும். ஆரஞ்சுப் பக்கம் சாயும் சிவப்புக்குள் மஞ்சள் ஒளிந்திருக்கிறது. அதனோடு நீலம் சேர்ந்தால் மூன்று அடிப்படை வண்ணங்களும் சந்தித்துவிடும். அங்கேதான் சேறு பிறக்கிறது. பெட்டியில் கிரிம்சன் என்று எழுதியிருக்கும் சிவப்பையும், அல்ட்ராமெரின் என்று எழுதியிருக்கும் நீலத்தையும் கலக்கச் சொல்லுங்கள், தெளிவான ஊதா வரும். ஒரு சிவப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிய வேண்டுமா? ஒரு சொட்டை நிறையத் தண்ணீரில் கரைத்து வெள்ளைத் தாளில் பரப்பிப் பாருங்கள். ரோஜா நிறமாக வெளிறினால் ஊதாவுக்கு ஆகும். பழுத்த ஆரஞ்சாக வெளிறினால் ஆகாது, அதை மஞ்சளோடு சேருங்கள். அந்தச் சேற்றையும் கொட்டிவிட வேண்டாம். மரப்பட்டைக்கும் நிழலுக்கும் கடையில் வாங்கும் பழுப்பைவிட அது அழகு.

கேள்வி: மகள் ஓவியப் பயிற்சிக்குப் போக வேண்டும் என்கிறாள். பொழுதுபோக்கு என்றால் சரி. ஆனால் பெரிய ஓவியர்கள் என்று படித்த பெயரெல்லாம் ஆண்களாகவே இருக்கிறதே, பெண்களுக்கு இது கைவருமா?

நீங்கள் ஒளிவு மறைவில்லாமல் கேட்டதற்கு நன்றி. அந்தப் பெயர்ப் பட்டியல் ஏன் அப்படி ஆனது என்று சொல்கிறேன்.

லண்டனில் ராயல் அகாடமி என்ற கலை நிறுவனம் 1768இல் தொடங்கியபோது நிறுவன உறுப்பினர்களில் இரண்டு பெண்கள் இருந்தார்கள், ஏஞ்சலிகா காஃப்மனும் மேரி மோசரும். அடுத்த சில ஆண்டுகளில் யோஹான் சோஃபனி என்ற ஓவியர் அந்த உறுப்பினர்களில் பெரும்பாலோரை ஒரே ஓவியத்தில் வரைந்தார். ஆடையில்லாமல் மாதிரியாக இருப்பவரைச் சுற்றி ஆண்கள் கூடியிருக்கிறார்கள். அந்த இரண்டு பெண்களும் சுவரில் மாட்டிய படங்களாக மட்டும் இருக்கிறார்கள், ஏனென்றால் ஆடையில்லாத உடலைப் பார்த்து வரையும் வகுப்பில் பெண்கள் இருப்பது தகாது என்று கருதினார்கள். மனித உடலை வரைவதுதான் அன்றைய ஓவியக் கல்விக்கு அஸ்திவாரம். அது இல்லாமல் பெரிய ஓவியத்துக்குக் கை வைக்க முடியாது. அந்த இருவருக்குப் பின் ஒரு பெண், லாரா நைட், முழு உறுப்பினராகத் தேர்வானது 1936இல். பாரிஸின் அரசுக் கலைப்பள்ளியான எகோல் தெ போஸார் பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1897இல். திறமை இல்லாமல் இல்லை, அடிப்படையைச் சொல்லித் தரும் அறைக்குள்ளேயே விடவில்லை. அந்தக் கதவு திறந்து நாற்பது ஆண்டுகள் ஆகும் முன்பே அதே பள்ளியில் படித்தவர்தான் இந்திய ஓவியர் அம்ரிதா ஷேர்கில். 1932இல் அவர் வரைந்த இரண்டு இளம் பெண்களின் படம் மறு ஆண்டே பாரிஸில் தங்கப் பதக்கம் பெற்றது. வரைந்தபோது அவருக்கு வயது 19.

நீங்கள் தந்தை என்பதால் இதையும் சொல்லத் தோன்றுகிறது. பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியில் அமில்காரே அங்குயிசோலா என்பவர் தன் மகள் சொஃபோனிஸ்பாவை ஒரு ஓவியரிடம் பயில அனுப்பினார். மகளுக்காக மைக்கலாஞ்சலோவுக்கே கடிதம் எழுதினார். சிரிக்கும் பெண்ணைச் சொஃபோனிஸ்பா வரைந்திருந்த படத்தைப் பார்த்த மைக்கலாஞ்சலோ, அழும் சிறுவனை வரைவது இதைவிடக் கடினம் என்றாராம். சொஃபோனிஸ்பா தன் தம்பி விரலை நண்டு கடித்து அழுவதை வரைந்து அனுப்பினார். பின்னாளில் ஸ்பெயின் அரண்மனையில் ஓவியராக இருந்தார். உங்கள் மகளைப் பயிற்சிக்கு அனுப்புங்கள் ஐயா. சேர்ப்பதற்கு முன் அங்கே நிஜப் பொருளை வைத்து வரைகிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகள் இடது கையால் வரைகிறாள். படம் முழுக்க ஈஷிக்கொள்கிறது. கையை மாற்றிப் பழக்கலாமா?

கூடவே கூடாது. வலது கைக்காரர்கள் இடப்பக்கம் மேலிருந்து தொடங்குவார்கள், அவள் வலப்பக்கம் மேலிருந்து தொடங்கட்டும். கைக்கு அடியில் ஒரு காலித் தாளை வைத்துக்கொண்டால் ஈஷாது. விளக்கு அவளுக்கு வலப்பக்கம் இருக்கட்டும், இல்லாவிட்டால் அவள் கையின் நிழலே படத்தில் விழும். ஷேடிங் போடும்போது அவள் கோடுகள் மற்றவர்களுக்கு எதிர்ப்பக்கமாக, இடமேலிருந்து வலக்கீழாகச் சாயும். லியொனார்டோ டா வின்சியின் கோடுகளும் அப்படித்தான் சாய்ந்திருக்கும், அவரும் இடது கைக்காரர். அடுத்த முறை அவள் வரைய உட்காரும்போது அவருடைய கோட்டோவியம் ஒன்றை அவளுக்குக் காட்டி, கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்று கேளுங்கள்.